வட்டக்கண்ணன் காத்தான்குடிக்குப் போனான்

கடல் தாண்டிப் போகிறவர்கள் படிக்கப் போவார்கள், இல்லாவிட்டால் சம்பாதிக்கப் போவார்கள். நான் ஒரு பொம்மையைக் கூட்டிக்கொண்டு போனேன். அவன் பெயர் வட்டக்கண்ணன். ஒரு தகர டப்பாவுக்குள் சுருளாகச் சுருண்டு படுத்திருந்தான். சுங்கத்தில் டப்பாவைத் திறக்கச் சொன்ன அதிகாரி படச் சுருளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இவனுக்குப் பாஸ் இருக்கிறதா?" என்று கேட்டார். நான் அப்போது சிரிக்கும் நிலையில் இல்லை.

அந்த நாளில் சென்னையில் பெரிய படம் தொடங்குமுன் அமெரிக்கக் குட்டிப் படங்கள் காட்டுவார்கள். வரைந்த பூனையும் முயலும் ஆடும், பாடும், சுவரில் மோதித் தட்டையாகும், மறுபடி எழுந்து ஓடும். கொட்டகையே சிரிக்கும்போது நான் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதை எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்தாக வேண்டும் எனக்கு. வேப்பேரியில் விளம்பரப் பலகை எழுதிக்கொண்டிருந்த எங்கள் முதலாளிக்கும் அதே பித்துப் பிடித்தது. அறுந்துபோன வெளிநாட்டுச் சுருள்களைத் தேடிப் பிடித்து, கட்டம் கட்டமாக ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தோம். கை கால் ஏன் ரப்பர் குழாய் மாதிரி வளைகிறது, குதிக்குமுன் உடம்பு ஏன் சுருங்குகிறது, கண் ஏன் வட்டம், கைக்கு ஏன் வெள்ளை உறை, எல்லாவற்றையும் கற்றுக்கொண்டோம். ஒரு வருடம் மூக்கு ஒழுகக் குனிந்து வரைந்த பிறகு பிறந்தவன்தான் வட்டக்கண்ணன். அவனை வரைந்த கை என்னுடையது. அந்தக் கர்வம் எனக்கு இன்றைக்கும் உண்டு.

நூல் கொள்முதலுக்காகச் சென்னை வந்த காத்தான்குடி வியாபாரி காசிம் முதலாளி எங்கள் வேப்பேரிப் பட்டறையில் அவனைப் பார்த்துவிட்டுப் பிள்ளை மாதிரி சிரித்தார். அவருடைய தறிகளில் நெய்யும் சாரனுக்கு, அதாவது நாம் கைலி என்று சொல்வதற்கு, ஒரு விளம்பரப் படம் எடுத்துத் தரும்படி கேட்டார். மட்டக்களப்பில் படம் காட்டும் கொட்டகையில் அதை ஓட்டப்போவதாகத் திட்டம். எடுத்தோம். அவர் ஏற்றுக்கொண்டால் கார்ட்டூன் வேலை தொடரும், ஏற்காவிட்டால் எல்லோரும் மறுபடி பலகை எழுதப் போகலாம் என்று சொல்லித்தான் முதலாளி என்னைக் கப்பலேற்றினார்.

மட்டக்களப்பு ரயிலடியில் ஒரு பஸ் கிடைத்தது. என் கால்சட்டையையும் வெள்ளைக்காரத் தொப்பியையும் பார்த்து முன் ஆசனம் கொடுத்தார்கள். ஊரார் ஆறு என்று சொல்லும் வாவியின் மேலுள்ள பாலத்துக்கு வந்ததும் பஸ் பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. சென்னையில் என்றால் இந்நேரம் டிரைவரின் பாட்டனாரையும் சேர்த்துத் திட்டியிருப்போம். இங்கே அத்தனை பேரும் மறுபேச்சில்லாமல் இறங்கி, சாரனை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளத் தயாரானார்கள்.

"தம்பி, தொப்பிய உள்ளுக்கு வெச்சிட்டு வாங்க. காத்துக்கு ஆத்துக்குள்ள போயிரும்" என்றார் டிரைவர்.

நான் தொப்பியோடுதான் தள்ளினேன். பாலத்தின் நடுவில் அது பறந்து போய் வாவியில் கவிழ்ந்து, ஒரு சிறிய தோணியைப் போல அழகாக மிதந்து போயிற்று. எல்லோரும் சற்று நின்று மரியாதையாக அதைப் பார்த்தார்கள். பக்கத்திலிருந்தவர் என்னைத் தேற்றுவதற்காக, நிலாக் காலத்தில் இந்த ஆற்றில் மீன் பாடும் என்றார். தொப்பியைப் போட்டுக்கொண்டு பாடட்டும் என்றேன்.

காசிம் முதலாளி வீட்டு வாசலில் காத்திருந்தார். அவர் வீடு என்று சொல்வது தவறு. இந்த ஊரில் வீடு பெண்ணுக்குப் போகிறது. மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு மனைவி வீட்டுக்கு வருகிறார். ஊரே கைகட்டி நிற்கிற காசிம் முதலாளி அந்த வாசலைத் தாண்டியதும் மருமகன் ஆகிவிட்டார். உள்ளே சாய்கதிரை என்கிற சாய்வு நாற்காலியில் அவர் மாமனார் இருந்தார். வெள்ளைத் தொப்பி, கத்தரித்த நரைத் தாடி, அதிகம் பேசாத வாய். எல்லோரும் அவரை மாமா என்றே சொன்னார்கள். என்னைப் பார்த்து, "படக்காரர் வந்துட்டாரா? சாப்பாட்ட வைங்க" என்றார். அவ்வளவுதான்.

சாப்பாடு ஒரு பெரிய தாலத்தில் வந்தது. சஹன் என்கிறார்கள். சோற்றின் நடுவில் ஆணம் என்கிற கோழிக் குழம்பு, ஓரத்தில் இறால். ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தாலத்தில் கைவைத்தோம். எங்கள் வீட்டில் அண்ணன் தட்டில் நான் கைவைத்தால் கையைத் தட்டிவிடுவான். இங்கே காசிம் முதலாளி நல்ல துண்டுகளாகப் பார்த்து என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார். கடைசியில் வட்டிலப்பம். தேங்காய்ப் பாலும் முட்டையும் கருப்பட்டியும் சேர்த்து அவித்த அந்தப் பண்டத்தைத் தின்றுவிட்டு, இதை யார் கண்டுபிடித்தது என்று கேட்டேன்.

"மலாய்க்காரர் கொண்டு வந்த எண்டுதான் சொல்ற. இப்ப அவங்களே வந்து நம்மட ஊட்டுல கேட்டுத் திண்டுட்டுப் போறாங்க" என்றார் காசிம் முதலாளி.

மறுநாள் பகலில் படம் போட்டோம். தறிக் கொட்டிலின் கதவு, ஜன்னல் எல்லாவற்றிலும் புதுச் சாரன்களைத் தொங்கவிட்டு இருட்டாக்கினார்கள். வெயில் அவற்றின் கட்டங்கள் வழியே பச்சையும் ஊதாவுமாகக் கசிந்தது. நான் கொண்டுபோன, கையால் சுற்றிப் படம் காட்டும் கருவியின் விளக்குக்கு மின்சாரம் வேண்டும். பாலத்தில் நின்ற அதே பஸ்ஸின் பாட்டரியைக் கழற்றி வந்தார்கள். அன்று பஸ் ஓடவில்லை. டிரைவரும் பயணிகளும் படம் பார்க்க வந்துவிட்டார்கள். மாமாவுக்கு முன்வரிசையில் கதிரை போட்டிருந்தது.

சுற்ற ஆரம்பித்தேன். வெள்ளைத் துணியில் வட்டக்கண்ணன் வந்தான். காசிம் முதலாளி கேட்டபடி கட்டம்போட்ட சாரனும் வெள்ளைத் தொப்பியும் அணிந்திருந்தான். வீச்சுவலையைச் சுழற்றி எறிந்தான். வலைக்குள் விழுந்த மீன் அவனை வாவி முழுக்க இழுத்துப்போயிற்று. கை நீண்டது, கால் நீண்டது, கண் தெறித்து வெளியே வந்து திரும்பப் போயிற்று. சாரன் மட்டும் கிழியவில்லை. கொட்டில் சிரிப்பில் அதிர்ந்தது. "கையில என்ன, காயமா? துணி சுத்திக் கிடக்கு" என்று யாரோ கேட்டார்கள். வெள்ளை உறையைத்தான். அதற்கும் சிரிப்பு. நான் உள்ளுக்குள் பூரித்துப்போய்ச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

கடைசிக் காட்சி வந்தது. வட்டக்கண்ணன் கரையேறுகிறான். எதிரே ஒரு தாடிக்காரப் பெரியவர். நம் ஆள் மடித்துக் கட்டிய சாரனோடு அவர் முன்னால் போய் நின்று, ஒரு காலைப் பின்னால் இழுத்து, தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி ஒரு சுழற்றுச் சுழற்றி வணங்குகிறான். வெளிநாட்டுப் படத்தில் பார்த்துப் பார்த்து, அதில் ஒரு விரல்கூடப் பிசகாமல் வரைந்த அசைவு அது. என் கைவேலையில் அதுதான் சிறந்தது என்று நினைத்திருந்தேன்.

சிரிப்பு அறுந்தது. மாமா எழுந்தார். தொங்கிய சாரனை விலக்கிக்கொண்டு வெளியே போனார். ஒரு கீற்று வெயில் உள்ளே வந்து மறைந்தது.

எல்லோரும் கலைந்த பிறகு காசிம் முதலாளி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கோபமில்லை, கஷ்டப்பட்டார்.

"தம்பி, மாமா எழும்பிப் போயிட்டாரு. இந்தக் கொட்டில் அவர் தந்த. மறுகா நான் எப்பிடி இந்தப் படத்த ஊருக்குள்ள போடுற?"

"தொப்பியை எடுப்பது மரியாதைதானே? உலகம் முழுக்க அப்படித்தான்" என்றேன்.

"எந்த உலகம் தம்பி? மூத்தவரக் கண்டா ஆரும் வெறுந்தலையோட நிப்பாங்களா? சாரனையும் தூக்கிக் கட்டிக்கிட்டு? இது மரியாத இல்ல, பகிடி பண்ணி நெளிக்கிற மாதிரி இரிக்கு."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது, அவர்மேல் இல்லை. நான் சென்னையில் என் சொந்த மாமாவைத் தெருவில் கண்டால் மடித்த வேட்டியைத் தானாக இறக்கிவிடுகிறவன். அது என் கைக்குத் தெரியும். ஆனால் பேனாவைப் பிடித்ததும் அந்தக் கை அமெரிக்காவுக்குப் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் மாமாவை இன்னொருமுறை அழைத்து வருவதாகக் காசிம் முதலாளி சொன்னார். அதற்குள் அந்த இடத்தை வெட்டி எறிந்துவிடச் சொன்னார். வெட்டலாம்தான். ஆனால் மாமா எழுந்துபோனதை ஊரே பார்த்துவிட்டது. இல்லாத காட்சி அவரை எப்படித் திரும்ப உட்காரவைக்கும்? வட்டக்கண்ணன் அவருக்கு மரியாதை செய்தே ஆகவேண்டும். எப்படி என்பதுதான் தெரியவில்லை. சாரனைக் கையால் இறக்கிவிடுகிற மாதிரி வரைந்து பார்த்தேன். சரியாக இருந்தது, ஆனால் சிரிப்பு வரவில்லை. சிரிப்பு வராவிட்டால் கார்ட்டூன் எதற்கு?

புழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னை ஆதம்பாவா காக்கா கூட்டிப்போனார். காக்கா என்றால் இங்கே அண்ணன். காசிம் முதலாளியின் சாரன்களை மூட்டை கட்டி, வாவிக்கு மேற்கே படுவான்கரை ஊர்களில் கொண்டுபோய் விற்பவர் அவர். மறுநாள் காலை பழுகாமத்துக்குத் தோணியில் போனோம். தோணி என்றால் குடைந்த மரம். அசையாமல் உட்கார வேண்டும். நான் ஒரு கொக்கைப் பார்ப்பதற்காகத் திரும்பினேன். அவ்வளவுதான், வாவித் தண்ணீர் பாதி உள்ளே வந்தது. கரையில் இறங்கியபோது தொடை வரைக்கும் சேறு. ஒரு கால் பூட்ஸைச் சேறு வைத்துக்கொண்டது. தோணி ஆணியில் மாட்டிய கால்சட்டை பின்பக்கம் நீளத்துக்குக் கிழிந்தது.

ஆதம்பாவா காக்கா மூட்டையை அவிழ்த்து ஒரு சாரனை எடுத்து நீட்டினார். "இதக் கட்டுங்க தம்பி. இனி நம்மட ஆள்தான்."

வயல் வரம்பில் நடந்தோம். வட்டை என்று அவர்கள் சொல்லும் அந்த வயல் வெளி கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை. தஞ்சாவூரைப் பற்றி மட்டும் பெருமை பேசுகிறவர்களை இங்கே ஒரு காலைப்பொழுது கொண்டுவந்து நிறுத்த வேண்டும். ஆதம்பாவா காக்கா முன்னால் போனார். தலையில் மூட்டை, இரண்டு கையும் மூட்டையில், சாரன் முழங்காலுக்கு மேல். அப்போது எதிரே அந்த வட்டைக்குச் சொந்தக்காரரான போடியார் வந்தார். அறுபது வயதுக்கு மேலிருக்கும். வரம்போ ஒற்றையடி.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆதம்பாவா காக்கா மூட்டையிலிருந்து கையை எடுக்கவில்லை. இடுப்பை இடப்பக்கம் ஒரு வெட்டு வெட்டினார். மடிப்பு நழுவியது. சாரன் தானாக இறங்கிக் கணுக்காலில் போய் நின்றது.

"என்னகா ஆதம்பாவா, இந்தமுறை நல்ல சாரன் இரிக்கா?" என்றார் போடியார், ஒன்றும் விசேஷமாக நடக்காத மாதிரி.

"ஓம் போடியார். ஊட்டுப் பக்கம்தான் வாறன். பாருங்களன்."

அவர் போனதும் நான் பாய்ந்தேன். "காக்கா, இன்னொரு தடவை செய்யுங்கள்."

"என்னத்த?"

சொன்னேன். தான் அப்படிச் செய்ததே அவருக்குத் தெரியவில்லை. சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பை ஆட்டிப் பார்த்தார். வரவில்லை. இன்னும் ஆட்டினார். மூட்டைதான் விழுந்தது. "சும்மா இறக்க ஏலா தம்பி. ஆரும் மூத்தாக்கள் வரணும்" என்றார். ஆகவே ஒரு மருத மரத்தடியில் உட்கார்ந்து பெரியவர்களுக்காகக் காத்திருந்தோம். யாராவது நரைத்த தலை தூரத்தில் தெரிந்தால், "அந்தா வாறாரு" என்று காக்கா மூட்டையைத் தூக்கிக்கொண்டு வரம்பில் எதிரே போவார். நான் பின்னாலிருந்து வரைவேன். பழுகாமத்துப் பெரியவர்கள் அன்று பெற்ற மரியாதைக்கு அளவில்லை. ஒரு வீட்டில் மண்சட்டித் தயிரும் தேனும் கொடுத்தார்கள். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிர். கையில் பென்சிலோடேயே தின்றேன்.

திரும்பும்போது தோணியில் நான் அசையவில்லை. எப்படி வரைவது என்று தெரிந்துவிட்டது. வட்டக்கண்ணனுக்கு இரண்டு கையிலும் சுமை இருக்க வேண்டும். அதற்கப்புறம் காக்காவின் இடுப்பு போதாது. எங்கள் வெளிநாட்டு வித்தையில் நாற்காலி நடக்கும், கெட்டில் பாடும். சாரனுக்கும் உயிர் வரட்டுமே.

ஆனால் எதில் வரைவது? புதுப் படம் எடுக்கச் சென்னைக்குத்தான் போகவேண்டும். வியாழன் காலையில் சாயக் கொட்டிலுக்குப் போனேன். நூலை வெளுக்கக் கொதிக்கவைத்த சோடாத் தண்ணீர் அங்கே இருந்தது. கடைசிக் காட்சிச் சுருளை வெட்டி எடுத்து, அடுப்பிலிருந்து எட்ட வைத்த வாளியில் அமிழ்த்தினேன். படச் சுருள் நெருப்பைக் கண்டால் வெடிமருந்து மாதிரி. சுருட்டோடு எட்டிப்பார்த்தவரைத் தெரு வரைக்கும் துரத்தினேன். என் சிறந்த கைவேலை, அந்தத் தொப்பி வணக்கம், கறுப்புக் களியாகக் கரைந்து வாளியின் அடியில் போயிற்று. கண்ணாடி மாதிரி வெறும் சுருள் மிஞ்சியது. அதன் மேலேயே நேராக மையால் வரைய உட்கார்ந்தேன்.

ஒவ்வொரு கட்டமும் தபால்தலையைவிடச் சிறியது. கட்டத்துக்குக் கட்டம் ஒரு மயிரிழைதான் வித்தியாசம் இருக்கலாம். கண் எரிந்தது. பக்கத்தில் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. காசிம் முதலாளி. துணியில் இழை எண்ணுகிற தன் பூதக்கண்ணாடியை மேசையில் வைத்தார். கொஞ்சநேரம் பார்த்தார்.

"கண்ண மாத்தலியா?" என்று கேட்டார்.

"வெளிநாட்டுக் கண் என்று நினைக்கிறீர்களா?"

"ஓம். ஆனா இரிக்கட்டும். சாரனும் மலாயாவால வந்ததுதானே தம்பி. கட்டுற கட்டுத்தான் நம்மட."

அதைக் கேட்டு எனக்கு அன்று முழுவதும் களைப்புத் தெரியவில்லை. எதைக் கடன் வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்று ஒரு வருடமாக எங்கள் பட்டறையில் சண்டை போட்டிருக்கிறோம். வட்டக் கண் இருக்கட்டும், ரப்பர் கால் இருக்கட்டும்; வெள்ளை உறை போகட்டும். கடன் வாங்கிய வித்தை நம் ஊர் ஆளுக்கு வேலை செய்யவேண்டும், அவனுக்கு எஜமானாகக் கூடாது. அன்று அந்த மேசையில் அது எனக்கு வசப்பட்டது. இதைப் பெருமைக்காகவே சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து கூட்டம் நேராகக் கொட்டிலுக்கு வந்தது. பஸ்ஸை மறுபடி நிறுத்திப் பாட்டரியைக் கொண்டுவந்திருந்தார்கள். மாமா வருவாரா என்று யாருக்கும் தெரியவில்லை. வந்தார். கதிரையின் விளிம்பில், எழுந்துபோக வசதியாக உட்கார்ந்தார். கொட்டிலுக்குள் அடுப்பு மாதிரி சூடு. பின்பக்கம் இடமில்லாமல் நின்றவர்கள் எல்லாம் சாரனைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். கால்சட்டை இல்லாத நானும் காக்கா தந்த சாரனைத் தூக்கிக் கட்டிக்கொண்டு சுற்றினேன். வலது கை கைப்பிடியில், இடது கையில் வெளியே வரும் சுருள். விளக்கில் பட்டால் எல்லோரும் சாம்பல்.

வலை, மீன், இழுப்பு, சிரிப்பு எல்லாம் வந்துபோயின. பிறகு ஒட்டிய இடம் தாண்டியது. படம் மாறி, வெள்ளையில் மெல்லிய கறுப்புக் கோடுகள் நடுங்கின. வட்டக்கண்ணன் கரையேறினான். ஒரு கையில் வலை, மறு கையில் அவனளவு மீன், சாரன் முழங்காலுக்கு மேல். எதிரே தாடிக்காரப் பெரியவர்.

வட்டக்கண்ணன் வலது கையைப் பார்த்தான். இடது கையைப் பார்த்தான். கண் இன்னும் வட்டமாயிற்று. மீனும் நிமிர்ந்து அவனைப் பார்த்தது. இடுப்பை வெட்டினான். ஒன்றும் நடக்கவில்லை. அப்போது மடிப்புக்குள்ளிருந்து சாரனின் கரை மெல்லத் தலையை நீட்டி, பெரியவரை ஒருமுறை பார்த்தது. பார்த்ததும் திடுக்கிட்டு, ஒவ்வொரு படியாக இறங்கிவந்து கணுக்காலில் அடக்கமாக நின்றது. தொப்பி தலையிலேயே இருந்தது. மீன்கூட வாலை மடக்கிக்கொண்டது.

துணியில் வெறும் வெளிச்சம். யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் முன்வரிசையைப் பார்த்தார்கள்.

மாமா எழுந்தார்.

ஆனால் அவர் கதவுப் பக்கம் போகவில்லை. கூட்டத்தின் பக்கம் திரும்பினார். இதை எவன் செய்தான் என்று தேடுகிற முகம். அவர் பார்வை பின்வரிசைக்கு வந்ததும் ஒரு சத்தம் கேட்டது. சரசரவென்று துணி இறங்கும் சத்தம். டிரைவர், நெசவாளிகள், ஆதம்பாவா காக்கா, அத்தனை பேருடைய சாரனும் ஒன்றாகக் கீழே வந்தது. எவரும் யோசித்துச் செய்யவில்லை.

பார்வை என்மேல் வந்து நின்றது. என் இரண்டு கையும் வேலையில் இருந்தன. விடவும் முடியாது. இடுப்பை இடப்பக்கம் ஒரு வெட்டு வெட்டினேன். சாரன் நழுவி இறங்கி, நல்லவேளையாகக் கணுக்காலோடு நின்றது.

மாமா என் காலைப் பார்த்தார். துணியைத் திரும்பிப் பார்த்தார். மறுபடி என் காலைப் பார்த்தார். தாடி மெல்ல நடுங்கத் தொடங்கியது. பிறகு கதிரையில், இந்த முறை நன்றாகச் சாய்ந்து, உட்கார்ந்தார்.

"இன்னொருக்கா ஓட்டுங்க மகன்" என்றார்.